லண்டனில் முதல் அறை: ஹாலா, ஸ்டூடியோவா, ஈஸ்ட் ஹாம் வீடா?

ஜூன் முடிந்தால் போதும், ஊரிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். “அண்ணா, செப்டம்பர்ல லண்டன் வர்றேன். எங்க தங்கறது?” கூடவே நாலு லிங்க், நாலு வாடகை. இதில் எது மலிவு என்று சொன்னால் அதையே எடுத்துக்கொள்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் வாடகையை மட்டும் வைத்துத்தான் வரிசைப்படுத்தினேன். இப்போது யார் கேட்டாலும் பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: அந்த அறை சரிப்படவில்லை என்றால், எத்தனை நாளில், எவ்வளவு பணத்தை விட்டுவிட்டு வெளியே வர முடியும்?

ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது நேரில் போவோம். குழாயைத் திறந்து பார்ப்போம், பக்கத்து வீட்டில் நாலு வார்த்தை பேசுவோம், அப்புறம்தான் அட்வான்ஸ். லண்டன் அறையை ஐந்து படங்களை வைத்து முடிவு செய்கிறோம். பக்கத்து அறையில் யார், வகுப்புகள் எந்த வளாகத்தில், டிசம்பரில் அந்த அறை எப்படிக் குளிரும் என்று எதுவும் தெரியாது. அப்படி எடுத்த முடிவை மாற்ற வழி உண்டா என்பது, வாடகையில் இருபது பவுண்டு கூடுதலா குறைவா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். லண்டனில் படிக்க வருபவர் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் கையில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது விசா விதி. ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டு. இங்கே ஹால், அதாவது பல்கலைக்கழக மாணவர் விடுதி, வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், வீட்டு அறையை மாதக் கணக்கில் சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பலர் வார வாடகையை நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். வாரம் 250 பவுண்டு என்றால் மாதம் 1,000 இல்லை. 52 வாரத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் 1,083 வருகிறது. விசா கணக்கின்படி மீதி இருப்பது 446 பவுண்டு. சாப்பாடு, பயணம், போன், ஒரு குளிர்காலக் கோட்டு எல்லாம் அதற்குள்.

பார்ட் டைம் வேலையை நம்பி வருகிறவர்களும் இதைக் கணக்கிட வேண்டும். பட்டப்படிப்பு மாணவர் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. முழு 20 மணி நேரமும் கிடைத்தால் வாரம் 254 பவுண்டு. அதாவது அந்த ஒரு அறையின் வாடகை மட்டும். முதல் மாதமே வேலை கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பல்கலைக்கழக ஹால்

பத்தொன்பது வயதில் முதல் முறை வீட்டை விட்டு வருபவருக்கு இதைத்தான் சொல்வேன், வாடகை கூடுதலாக இருந்தாலும். மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் வாடகையிலேயே சேர்ந்துவிடும். முகவரிச் சான்று கேட்டால் கடிதம் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு அறைச் சாவி தொலைந்தாலும் கூப்பிட ஓர் ஆள் இருப்பார். எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து இறங்குவதால், சமையலறையில் நிற்கும் ஆறு பேரும் உங்களைப் போலவே யாரையும் தெரியாதவர்கள். அந்த முதல் பத்து நாளில் ஏற்படும் பழக்கத்தைப் பின்னால் காசு கொடுத்து வாங்க முடியாது.

சில கல்லூரிகளுக்குத் தங்கள் ஹாலோடு இன்னொரு வாய்ப்பும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தங்கும் இன்டர்காலேஜியேட் ஹால்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மத்திய லண்டனின் ப்ளூம்ஸ்பரி பகுதியில். யூ.சி.எல். (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) மாணவர் நடந்தே வகுப்புக்குப் போகலாம். அவற்றில் சில சாப்பாட்டோடு சேர்த்தவை. அங்கே ஒரு எச்சரிக்கை: சாப்பாட்டு நேரம் அவர்கள் வைத்ததுதான், லேபிலிருந்து தாமதமாக வந்தால் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், ஆனால் அதற்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டியிருப்பீர்கள். சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர் சமையலறை உள்ள ஹாலைக் கேட்டு வாங்குங்கள். முதுகலை, ஆய்வு மாணவர்கள் மெக்லன்பர்க் சதுக்கத்தில் உள்ள குடினஃப் கல்லூரியையும் பாருங்கள். பெயர்தான் கல்லூரி, பல நாட்டு மேற்படிப்பு மாணவர்கள் தங்கும் இடம் அது. இடம் கிடைப்பது சுலபமில்லை, ஆனால் விண்ணப்பிக்காமல் விடக்கூடாது.

வெளியேறும் வழி எப்படி? நடுத்தரம். ஒப்பந்தம் இளங்கலை மாணவருக்குப் பெரும்பாலும் 40 வாரம் அளவில், முதுகலை மாணவருக்கு 51 வாரம் வரை. நடுவில் போனால், உங்கள் இடத்துக்கு இன்னொரு மாணவரைக் கண்டுபிடிக்கும் வரை வாடகை உங்கள் தலையில்தான். ஆனால் படிப்பையே விட்டு விலக நேர்ந்தால் பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிடுவார்கள், வேறு அறைக்கு மாற்றமும் கேட்கலாம். வீட்டுக்காரரும் கல்லூரியும் ஒரே ஆள் என்பதால் பேசுவதற்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

தனியார் மாணவர் விடுதி

படத்தில் இதுதான் அழகாக இருக்கும். ஜிம், சினிமா அறை, சொந்தக் குளியலறை, ஸ்டூடியோ என்றால் சொந்த அடுப்பும். பாதுகாப்பும் நன்றாக இருக்கும். பெற்றோருக்குப் படத்தைக் காட்டினால் நிம்மதியாகிவிடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் நான் கேட்கும் கேள்விக்கு நான்கு வாய்ப்புகளிலும் மோசமான பதில் இங்கேதான்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் சாதாரணத் தனியார் வாடகை வீடுகளில் “ஒரு வருடம் கட்டாயம் இருக்க வேண்டும்” என்ற நிலையான ஒப்பந்தமே கிடையாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைதாரர் போகலாம். ஆனால் அரசு ஏற்ற நடத்தை விதிகளில் சேர்ந்துள்ள மாணவர் விடுதிகளுக்கு இதிலிருந்து விலக்கு. பெரிய தனியார் விடுதிகள் அந்த விலக்குக்குள் வருகின்றன. 51 வாரத்துக்குக் கையெழுத்திட்டால் 51 வாரம்தான். வாரம் 250 என்றால் மொத்தம் 12,750 பவுண்டுக்கு நீங்கள் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஒரு ஸ்டூடியோ எடுத்தான். அவனுக்கு அறை பிடிக்கத்தான் செய்தது. பிடிக்காமல் போனது அந்த அமைதி. தனி அடுப்பு, தனி குளியலறை, தனிக் கதவு. வகுப்பு இல்லாத நாளில் மாலை வரை ஒரு மனிதரிடம்கூடப் பேசியிருக்க மாட்டான். டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் நண்பர்களோடு போய்த் தங்க ஆசைப்பட்டான், தன் அறைக்கு வேறு ஆளைத் தேடினான். ஜனவரியில் யார் வருவார்? ஆகஸ்ட் வரை இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட முடியாமல் அங்கேயே இருந்துவிட்டான்.

இதையே எடுப்பதென்றால் ஸ்டூடியோ வேண்டாம், குளியலறை மட்டும் தனியாக, சமையலறையைப் பகிரும் என்சூட் அறையை எடுங்கள். வாடகையும் குறையும். கையெழுத்திடும் முன், விசா மறுக்கப்பட்டாலோ கல்லூரி இடம் கிடைக்காமல் போனாலோ ஒப்பந்தம் ரத்தாகுமா, அதற்குக் கெடு தேதி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது, கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈஸ்ட் ஹாம் வீடு

நம் ஆட்கள் பெரும்பாலும் வந்து இறங்கும் இடம் இது. கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் ஹாம் என்று சொன்னாலும், தமிழர்கள் வாழும் வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த தமிழர்கள் கட்டி எழுப்பிய பகுதிகள் இவை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் தோசை மாவு கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், கடையில் தமிழிலேயே பேசலாம். அவர்கள் பட்ட பாட்டின் பலனை நாம் சுலபமாக அனுபவிக்கிறோம் என்பதை அங்கே குடியேறும் ஒவ்வொரு மாணவரும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் முதலில் தங்கியது இப்படி ஒரு வீட்டில்தான். மாடியில் ஒரு சின்ன அறை, கீழே வீட்டுக்கார அக்காவின் குடும்பம். நவம்பரில் காய்ச்சலில் படுத்தபோது அக்கா கதவைத் தட்டி ரசம் வைத்துவிட்டுப் போனார். எந்த ஹாலிலும் அது நடக்காது. அதே வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் டெபாசிட் முழுதாகத் திரும்பவில்லை. சுவரில் கறை, கம்பளத்தில் கறை என்று கணக்குச் சொன்னார்கள். சட்டப்படி போக எனக்கு வழியும் இருக்கவில்லை, ஏனென்றால் எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் வாழ்ந்து, சமையலறையும் குளியலறையும் உங்களோடு பகிர்ந்தால் நீங்கள் வாடகைதாரர் இல்லை, லாட்ஜர். மேலே சொன்ன புதிய சட்டம் லாட்ஜருக்குப் பொருந்தாது. டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும் என்ற கட்டாயமும் வீட்டுக்காரருக்கு இல்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமலே, நியாயமான அவகாசம் கொடுத்து உங்களைப் போகச் சொல்லலாம். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருப்பதை யாரும் சொல்வதில்லை: அவர்கள் உங்களைச் சுலபமாக அனுப்பலாம் என்பதைப் போல, மாதாமாதம் என்று பேசி வந்திருந்தால் நீங்களும் சுலபமாகக் கிளம்பலாம். ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதி வாங்கிவிட்டால், லண்டனில் ஒரு புது மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிக எளிதான வெளியேறும் வழி இதுதான். போனாலும் போவது ஒரு மாத வாடகையும் டெபாசிட்டும். ஆகவே டெபாசிட்டைக் குறைவாகப் பேசுங்கள், வாட்ஸாப்பிலாவது எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்.

வீட்டுக்காரர் வேறெங்கோ இருக்க, ஒரு வீட்டில் ஆறேழு பேர் தங்கும் “ஷேரிங்” வேறு கதை. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சமையலறை, கழிவறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு நகராட்சி உரிமம் கட்டாயம். எச்.எம்.ஓ. உரிமம் என்பார்கள். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் நகராட்சியில் அதைவிடச் சிறிய பகிர்வு வீடுகளுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, இருவர் என்றால் 10.22. ஒரு அறையில் நாலு மெத்தை போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தீ விபத்து நடந்தால் அந்த மாடிப்படி ஒன்றுதான் வழி. நூறு பவுண்டு மிச்சம் என்று அங்கே போகாதீர்கள், தம்பி தங்கைகளே. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை நகராட்சியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இந்த வீடுகளில் வரும். ஒன்று கவுன்சில் டாக்ஸ், நகராட்சி வசூலிக்கும் வீட்டு வரி. முழுநேர மாணவர்கள் மட்டும் வாழும் வீட்டுக்கு அது கிடையாது. வேலைக்குப் போகும் ஒருவர் சேர்ந்தாலும் வீட்டுக்குப் பில் வரும், யார் கட்டுவது என்ற சண்டையும் வரும். “பில் எல்லாம் சேர்த்து” என்று சொன்னால் கவுன்சில் டாக்ஸும் சேர்த்தா என்று கேளுங்கள். இரண்டாவது, கூடத் தங்குபவர் யாராவது சாப்பாடு டெலிவரி செய்யும் செயலியில் உள்ள தன் கணக்கை வாடகைக்குத் தருவதாகச் சொல்வார். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, அந்த டெலிவரி வேலை சுயதொழில் கணக்கில் வரும். பிடிபட்டால் விசாவே போகும். அன்போடு சொல்பவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரம். சொந்தக்காரரின் நண்பர் இருக்கிறார் என்பதற்காக ஈஸ்ட் ஹாமில் தங்கி, நகரத்தின் மேற்குக் கோடியில் அக்ஸ்பிரிட்ஜில் உள்ள ப்ரூனல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலை ஒன்பது மணி வகுப்பு ஒவ்வொன்றாகத் தவறும், வருகைப் பதிவைக் கல்லூரி கவனிக்கும், உங்கள் விசா அந்தக் கல்லூரியின் பொறுப்பில்தான் இருக்கிறது. மைல் எண்டில் உள்ள குயின் மேரிக்கு ஈஸ்ட் ஹாம் ஆறே நிறுத்தம், நேர் ரயில். டூட்டிங்கில் தங்கினால் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவ மாணவருக்கு நடை தூரம். ஹெண்டனில் மிடில்செக்ஸ் என்றால் வெம்பிளி, ஹாரோ பக்கம் பாருங்கள். தமிழர் பகுதி வேண்டும் என்றாலும் கல்லூரிக்கு அருகில் உள்ள தமிழர் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், எல்லாரும் ஈஸ்ட் ஹாமுக்கே போக வேண்டியதில்லை. 18 வயது நிறைந்த முழுநேர மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை வார, மாதப் பயணச் சீட்டில் 30 சதவீதம் குறைக்கும். தினமும் அட்டையைத் தட்டிவிட்டுப் போகும் கட்டணத்தில் அந்தச் சலுகை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பர்களோடு ஒரு வீடு

இது முதல் மாதத்துக்கான வழி இல்லை, இரண்டாம் கட்டத்துக்கானது. ஆனால் புதிய சட்டத்துக்குப் பிறகு இதன் மதிப்பு கூடியிருக்கிறது. முன்பெல்லாம் இந்த நாட்டில் ஜாமீன் தர ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். 2026 மே 1க்குப் பிறகு போடும் ஒப்பந்தத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால், அதிகபட்சம் ஐந்து வார வாடகை. அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். ஜாமீன் கேட்பது மட்டும் தொடர்கிறது.

எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் வாடகை தராவிட்டாலும் மற்றவர்கள்தான் கட்ட வேண்டும், ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலும் எல்லாருடைய ஒப்பந்தமும் முடிந்துவிடும். ஆகவே இருவர் மூவராக, குணம் தெரிந்த பிறகு எடுங்கள். மாணவர்கள் மட்டும் வாழும் பகிர்வு வீட்டை ஜூன் முதல் செப்டம்பருக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வீட்டுக்காரருக்குச் சில நிபந்தனைகளோடு உரிமை உண்டு, அதற்கு நாலு மாத நோட்டீஸ் தர வேண்டும்.

நான் எதைச் சொல்வேன்?

இளங்கலைக்கு வருகிறீர்கள், வீட்டில் சமாளிக்க முடியும் என்றால் பல்கலைக்கழக ஹால். முதல் வருடம் முழுக்க. யோசிக்கவே வேண்டாம், கெடு தேதிக்குள் விண்ணப்பியுங்கள்.

கடன் வாங்கி ஒரு வருட முதுகலைக்கு வருபவர்தான் எனக்குக் கடிதம் எழுதுபவர்களில் அதிகம். அவருக்கு என் யோசனை இரண்டு கட்டம். கல்லூரிக்கு நாற்பது நிமிடத்துக்குள் உள்ள ஒரு வீட்டில், வீட்டுக்காரரும் கூட வாழும் அறையை, ஒரு மாத நோட்டீஸில் எடுங்கள். ஊரில் இருந்தபடியே முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். லண்டனில் இருக்கும் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வந்து இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்கிப் பாருங்கள். நவம்பர் டிசம்பருக்குள் வகுப்பில் யாரோடு ஒத்துப்போகும் என்று தெரிந்துவிடும், எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தெரிந்துவிடும். அப்போது மூன்று பேராக ஒரு வீடு பாருங்கள். செப்டம்பரில் வீடு தேடும் கூட்டம் ஜனவரியில் இருக்காது.

உங்கள் விசா நிலையைக் காட்டும் ‘ஷேர் கோட்’ எண்ணை வீட்டுக்காரர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம், லாட்ஜராக இருந்தாலும். “அதெல்லாம் வேண்டாம், இந்த முகவரியை யாருக்கும் கொடுக்காதீங்க” என்று ஒருவர் சொன்னால் அந்த வீடு வேண்டாம். வங்கிக்கும் கல்லூரிக்கும் உங்கள் முகவரி தேவை. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யலாம்; விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள், வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

அறையை நேரில் பார்க்கப் போகும்போது அலமாரிக்குப் பின்னால் சுவர் மூலையைப் பாருங்கள், கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் குளிர்காலத்தில் அது வளரும். ஹீட்டரைப் போடச் சொல்லிக் கையை வைத்துப் பாருங்கள். சாவி வாங்கும் நாளில், பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன், சுவர், கம்பளம், மெத்தை, அடுப்பு, மீட்டர் எண் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். என் இரண்டாவது வீட்டில் அப்படித்தான் செய்தேன். கிளம்பும்போது அங்கேயும் கம்பளக் கறை என்று சொன்னார்கள். முதல் நாள் அனுப்பிய வீடியோவை மறுபடி அனுப்பினேன். பத்து நாளில் டெபாசிட் முழுதாக வந்து சேர்ந்தது.